ஒப்பீட்டுக் குழுவில் உயிரோடு ஒருத்தி

எண்பத்து நான்கு வயதுவரை தான் உயிரோடு இருப்பது தன் சொந்தச் சாமர்த்தியம் அல்ல என்பது நாராயணசாமிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் அதற்குக் காரணம் தினமும் போகும் வாக்கிங் என்று நினைத்திருந்தார். அவர் மனைவி ஜலஜா, தன் சமையல் என்று நினைத்திருந்தாள். மல்லாபூரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் பிஸ்கட்டைக் கடித்துக் கடித்துத் தரம் பிரித்தும் சர்க்கரை வியாதி அண்டவில்லை என்று அவருக்கு ஒரு சின்ன கர்வம்கூட உண்டு. எல்லாம் தப்பு.

சரியான காரணத்தை எடுத்துக்கொண்டு சீதாபல்மண்டி வீட்டுக்கு வந்தவள் ஹம்சா. நாற்பது வயதிருக்கும். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கொண்டாப்பூரில் இருக்கும் ‘குழந்தைப் பருவ நிதியுதவியின் நெடுங்கால ஆயுள் விளைவுகளுக்கான உயராய்வு மைய’த்தின் கள அதிகாரி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே வேலை கொடுப்பார்கள் போலிருந்தது.

“அங்கிள், நீங்க இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாராயணசாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, இருப்பதாகச் சொன்னார். ஹம்சா சந்தோஷத்தோடு கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

பிறகு விவரம் சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் செகந்திராபாத்தில் ஏழைச் சிறார் சகாய சங்கம் என்று ஒன்று இருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பதினான்கு வயது வரை மாதம் ஐந்து ரூபாய் கொடுத்தார்கள். சங்கம் போய்விட்டது, ஆனால் அதன் பதிவேடுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் அகப்பட்டன. உதவி கிடைத்த பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மனுப் போட்டும் தள்ளுபடியான பிள்ளைகள் நூற்றுத் தொண்ணூற்றேழு. இந்த நானூற்றுச் சொச்சம் பேரும் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்று மையம் ஆறு வருஷமாகத் தேடிக் கணக்கெடுத்தது. காசு வாங்கிய பிள்ளைகள், வாங்காத பிள்ளைகளைவிடச் சராசரியாகப் பதினான்கு மாதம் அதிகம் வாழ்ந்திருக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒன்பது பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். நாராயணசாமி அதில் மூத்தவர்.

நாராயணசாமிக்கு அந்த ஐந்து ரூபாய் நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மா நடந்தே போய்க் கைநாட்டு வைத்து வாங்கி வருவாள். அதனால் இத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று அவர் எண்ணியதில்லை. இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றியது.

“வாங்காதவங்கள்ல யாருமே இல்லையா?” என்று கேட்டார்.

“நஹி அங்கிள், ஒருத்தரும் இல்ல. ஒரே ஒரு ஆளை மட்டும் கண்டுபிடிக்க முடியலை. நூத்திப் பதினேழாம் நம்பர். பி. ஜலஜா, பொன்னுரங்கம் மகள். கல்யாணமாகிப் பேரு மாறியிருக்கும். எப்படியும் போயிருப்பாங்கன்னு வயசு அறுபதுன்னு போட்டு வெச்சிருக்கோம்.”

“அது நான்தான்,” என்றாள் ஜலஜா. ராகி மால்ட் தம்ளரை ஹம்சாவின் முன்னால் வைத்துவிட்டு, மேஜையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து நடுவில் தள்ளினாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் பால் ஊற்றினாற்போல. வலது கண் பரவாயில்லை.

ஹம்சா தம்ளரைப் பார்த்தாள். அதைக் கொண்டுவந்த கையைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் போன் செய்தாள். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் சீதாபல்மண்டி வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் தூரம் அதிகமில்லை.

“ஹவ் சார், ஆமா சார். உயிரோடதான் சார். எண்பத்தி ரெண்டு. இல்ல சார், படுக்கையில இல்ல. நல்லா நடக்குறாங்க. ராகி மால்ட் போட்டுக் கொண்டுவந்தாங்க சார்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “இன்னொரு விஷயம் சார். இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி.”

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டதாக நாராயணசாமி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே கார் வந்தது. கொண்டாப்பூரில் முழுக்கக் கண்ணாடி பதித்த கட்டடத்தில் ஏழாவது மாடி. இயக்குநர் டாக்டர் ராகவேந்திரா வாசல்வரை வந்து நாராயணசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஜலஜாவைக் கும்பிட்டார், ஆனால் ஊருக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வந்துவிட்ட விருந்தாளியைக் கும்பிடுவது போலக் கும்பிட்டார்.

எங்கே பார்த்தாலும் ‘14’ என்று அச்சடித்திருந்தது. சுவரில், காபிக் கோப்பையில், மேஜைக் காலண்டரில். அடுத்த மாதம் அமைச்சர் கையால் வெளியிடப்போகும் அறிக்கை ஐயாயிரம் பிரதி தயாராகி அடுக்கி வைத்திருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில், ‘உதவி மறுக்கப்பட்டவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை’ என்று இருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் ஜலஜா பிஸ்கட் சாப்பிட்டாள்.

டாக்டர் ராகவேந்திரா தெலுங்கிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசினார். உதவி மறுக்கப்பட்டவர்கள்மீது மையத்துக்கு எந்த விரோதமும் கிடையாது என்று ஆரம்பித்தார். “உண்மையில் அவர்கள்மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை. அவர்கள் சீக்கிரம் இறந்திராவிட்டால், மற்றவர்கள் அதிகம் வாழ்ந்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அறிவியல் அவர்கள் தோள்மீதுதான் நிற்கிறது. அம்மா உயிரோடு இருப்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி. நிறுவன ரீதியாகத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.”

யோசிக்க வேண்டியது இதுதான். நாராயணசாமி ஐந்து ரூபாய் வாங்கி வளர்ந்தவர். ஜலஜா வாங்காமல் வளர்ந்தவள். இருவரும் அறுபது வருஷமாக ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆக, ஐந்து ரூபாயின் பலன் கணவரிடமிருந்து மனைவிக்குக் கசிந்திருக்கிறது. எவ்வளவு கசிந்தது என்று தெரிய வேண்டும். அதற்காக அன்று மத்தியானமே மூன்று பேர் கொண்ட கசிவுக் குழு அமைக்கப்பட்டது.

கசிவுக் குழு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டது. ஒரே தம்ளரில் குடிப்பதுண்டா, உண்டென்றால் வாரத்துக்கு எத்தனை முறை. கல்யாணத்தன்று கணவர் என்ன எடை. சண்டை போட்டால் யார் சாப்பிடாமல் படுப்பார்கள். ஜலஜா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கேள்வி கேட்பவர்களைக் கேள்வி கேட்டே பழக்கம். தன் சமையலால் அவருக்கு ஆயுள் கூடியிருந்தால் அந்தக் கசிவை எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று கேட்டாள். அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள் குழுவினர்.

பிறகு இருபத்து மூன்று பக்க ஒப்புதல் படிவம் வந்தது. ஜலஜாவால் படிக்க முடியாது. நாராயணசாமி நாலு பக்கம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளையும் போடச் சொன்னார். அந்த அவசரத்துக்காக அவர் பிற்பாடு தன்னையே நிறையத் திட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாராயணசாமியின் தட்டு, தம்ளர், நாற்காலி, தலையணை எல்லாவற்றிலும் பச்சை. ஜலஜாவினுடையதில் மஞ்சள். ஃபிரிட்ஜில் மேல்தட்டு பச்சை, கீழ்த்தட்டு மஞ்சள். பச்சைக்காரருக்கு மாதாமாதம் புரதப் பவுடர் டப்பா, மருத்துவப் பரிசோதனை, ‘ஆயுள் ரத்னா’ என்று பொன்னிறத்தில் அச்சடித்த அட்டை. மஞ்சள்காரிக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றும் கிடையாது என்பதற்கு ஒரு ரசீது மட்டும் உண்டு.

உதவி வாங்கியவர்களுக்கு இப்போதும் பவுடர் கொடுத்தால் அவர்கள் இன்னும் அதிகம் வாழமாட்டார்களா, அப்போது ஐம்பதாம் வருஷத்து ஐந்து ரூபாயின் பலன் எப்படித் தெரியும் என்று ஜலஜா போனில் கேட்டாள். அது உதவி இல்லை, கௌரவம் என்று டாக்டர் ராகவேந்திரா விளக்கினார். கௌரவம் கணக்கில் சேராது.

நாராயணசாமி ஒருநாள் பவுடரில் இரண்டு ஸ்பூன் எடுத்து மனைவியின் கஞ்சியில் கலந்துவிட்டார். டப்பாவுக்குள் எடை பார்க்கும் தகடு வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. அரைமணி நேரத்தில் போன் வந்தது. ‘அங்கீகரிக்கப்படாத தாம்பத்தியப் பரிமாற்றம்’ என்று அவர் பெயரில் ஒரு குறிப்பு பதிவானது. ஹம்சா நேரில் வந்து அந்தக் குறிப்பைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படிக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. படித்து முடித்துவிட்டு, பவுடர் ருசியாவது நன்றாக இருந்ததா என்று ஜலஜாவிடம் கேட்டாள். சுண்ணாம்பு மாதிரி இருந்தது என்றாள் ஜலஜா.

இதுவரை எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. கண் விஷயத்தில்தான் விபரீதமானது.

ஜலஜாவின் புரை அறுவைக்கு ஒரு தரும ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே தேதி கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டாம் தேதி. அதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உங்கள் மனைவி ஏதோ ஆராய்ச்சியில் இருக்கிறாராமே, ஆராய்ச்சி முடியும்வரை அவருக்கு எந்தப் புது உதவியும் செய்யக்கூடாது என்று கடிதம் வந்திருக்கிறதே என்றார்கள். நாராயணசாமி படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்தவர் தம் நிலையை மேம்படுத்திக்கொள்வதற்கு முன் மையத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி பெற வேண்டும்.

அன்று மத்தியானம் இருவரும் ஆட்டோ பிடித்துக் கொண்டாப்பூர் போனார்கள். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும் நேரத்தில் தன் பழைய கோப்பைப் பார்க்கலாமா என்று ஜலஜா கேட்டாள். நாராயணசாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. தனக்குக் கிடைத்த உதவி பக்கத்துத் தெருவில் இருந்த அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்று அறுபது வருஷத்தில் அவர் கேட்டதில்லை. அவளுக்கும் தெரியாது. அவள் அம்மா சொன்னதில்லை.

கோப்பறை அடித்தளத்தில் இருந்தது. அங்கே இருந்தவர் முகமது யூசுப். ஓய்வுபெறப் போகிற வயசு, வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நூற்றுப் பதினேழாம் எண்ணை எடுத்துப் பிரித்தவர், ஒரு தடவை மனசுக்குள் படித்துவிட்டு மூடினார்.

“கைக்கும்மா, எதுக்கும்மா இதெல்லாம் இப்போ,” என்றார்.

“படிங்க பாய்.”

அவர் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். விசாரணை அதிகாரியின் குறிப்பு அது. மாலை நான்கு மணிக்கு மனுதாரர் வீட்டுக்குச் சென்றேன். எட்டு வயதுப் பெண் ஒன்று, ஆறு வயதுப் பையன் ஒன்று. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தனர். மூத்த பெண் விசாரணை முடியும்வரை சிரிப்பை நிறுத்தவில்லை. துயரம் நிரூபணமாகவில்லை. மனு தள்ளுபடி.

“பிரம்பு நாற்காலி,” என்றாள் ஜலஜா. அதிகாரி வருகிறார் என்று அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். அடியில் பிரம்பு அறுந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதிகாரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுத எழுத உள்ளே இறங்கிக்கொண்டே போனார். முழங்கால் மோவாய்க்கு வந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

“மொதல்ல சிரிச்சது தம்பி கோவிந்துதான்,” என்றாள். “நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் முடியலை.”

யூசுபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். ஜலஜாவும் சிரித்தாள். நாராயணசாமியும் சிரித்தார். அப்புறம் மூன்று பேருக்கும் கோவிந்து நினைவு வந்தது போல ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கோவிந்துவைப் பார்த்தே இராத யூசுபும் நிறுத்தினார், ஏனென்றால் பதிவேட்டில் அடுத்த வரி அவன்தான். எண் நூற்றுப் பதினெட்டு. மூன்று வருஷம் கழித்து மழைக்காலத்தில் காய்ச்சலில் போனான். வயது ஒன்பது.

இயக்குநர் மேலே கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கண் விஷயத்துக்கு மிகவும் வருந்துவதாகவும், கூட்டத்தில் ஓர் அருமையான வழி கண்டுபிடித்திருப்பதாகவும் சொன்னார். ஜலஜாவின் மனுவை, எழுபத்து நான்கு வருஷம் தாமதமாக, இன்று ஏற்றுக்கொண்டதாக ஓர் உத்தரவு போடுவது. அவள் உதவி பெற்றவள் ஆகிவிடுவாள். ஒரு கையெழுத்துதான். நாளைக்கே நல்ல ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணும், பச்சை ஸ்டிக்கரும், மேடையில் சால்வையும். அறிக்கையின் அட்டையையும் மாற்ற வேண்டியதில்லை.

நாராயணசாமி பேனாவை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தேவிட்டார். அவருக்கு வேண்டியது அந்தக் கண்.

ஜலஜா பேனாவைப் பிடித்துக்கொண்டு, மனு அம்மா பெயரில் இருந்தது, இரண்டு பிள்ளைகளுக்காகவும் போட்டது, அதை ஏற்பதானால் தம்பியையும் ஏற்க வேண்டும் என்றாள்.

டாக்டர் ராகவேந்திரா டேப்பைத் தட்டிப் பார்த்தார். “எண் நூற்றுப் பதினெட்டு? அம்மா, அது எங்களுக்கு மிக முக்கியமான எண். ஒன்பது வயது. ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை அவர் ஒருவரே எவ்வளவு கீழே கொண்டுவருகிறார் தெரியுமா? அவர் இல்லாவிட்டால் பதினான்கு வந்திராது. உங்கள் குடும்பத்துக்கு மையம் என்றைக்கும் நன்றியோடு இருக்கும்.”

நாராயணசாமி தன் முன்னால் இருந்த ‘14’ கோப்பையைக் கையில் எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. காபி பாக்கி இருந்ததால் திரும்ப வைத்துவிட்டார்.

“அவனையும் இந்தப் பக்கம் எடுத்துக்கிட்டா பதினாலு எட்டாயிடும்,” என்றாள் ஜலஜா. காகிதமில்லாமல் போட்ட கணக்கு. இயக்குநர் சரிபார்த்தார். ஏழு மாதம் இருபத்தொன்பது நாள் வந்தது. ஐயாயிரம் பிரதியும் கோப்பைகளும் அடித்தாகிவிட்டது என்றார். அப்படியானால் தான் இருந்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்லி, ஜலஜா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நாராயணசாமி கோபப்பட்டார். கோவிந்து போய் எழுபது வருஷம் ஆகிறது, எந்தப் பக்கம் எழுதினால் அவனுக்கென்ன என்று கேட்டார். அவனுக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்குத்தான் என்றாள் அவள். ஜூபிலி பஸ் நிலையம் தாண்டும்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சளும் பச்சையும் கலந்ததைப் பற்றி எந்தக் குறிப்பும் பதிவாகவில்லை.

வெளியீட்டு விழா ஒரு பெரிய திருமண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அமைச்சர், இயக்குநர், பச்சை ரிப்பன் குத்திய ஒன்பது கிழவர்கள். ஜலஜாவுக்கு மஞ்சள் ரிப்பன் குத்தி, பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

மூத்தவர் என்பதால் நாராயணசாமியைப் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த தாளை அவர் பையில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை.

“அந்த அஞ்சு ரூபாய்ல எங்கம்மா பால் வாங்குனாங்க, அரிசி வாங்குனாங்க. மூணே மாசத்துல என் நெஞ்செலும்பு மறைஞ்சுது. அந்தக் காசு நல்ல காசுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அப்பவே எங்கம்மாவை வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. எழுபது வருஷம் காத்திருக்க வேணாம். பக்கத்துத் தெருவுல குடுக்கலை. அங்கே ஒரு பையன் செத்துட்டான். அதையும் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க.”

பலத்த கைதட்டல். மையத்தின் உழைப்பை இத்தனை எளிமையாக யாரும் பாராட்டியதில்லை என்று அமைச்சர் நெகிழ்ந்தார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்கு எழுந்தார்.

மண்டபத்தின் பின்வரிசைகளில் அறுபது தாய்மார்கள் ஆளுக்கொரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து பஸ் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோரும் கணவனை இழந்தவர்கள். இயக்குநர் அவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“பழைய சங்கம் செய்த பணியை இன்று நவீன முறையில் தொடங்குகிறோம். இந்த அறுபது குழந்தைகளில் முப்பது பேருக்கு மாதாமாதம் உதவித்தொகை தருவோம். முப்பது பேருக்குத் தரமாட்டோம். இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்வோம். கிடைக்காத குழந்தைகளை மையம் கைவிட்டுவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆண்டு தவறாமல் வீடு தேடி வந்து எடை பார்ப்போம். முடிவுகள் இன்னும் எண்பது ஆண்டுகளில் வெளியாகும். அன்று நம்மில் யாரும் இருக்கமாட்டோம். மையம் இருக்கும்.”

யாருக்குக் கிடைக்கும் என்பது சீட்டுக் குலுக்கலில். மேஜைமேல் கண்ணாடி ஜாடி. அதில் முப்பது ‘ஆம்’, முப்பது ‘இல்லை’. சீட்டு எடுப்பவர் குழந்தைகளுக்கு உறவாக இருக்கக்கூடாது, மையத்தின் ஊழியராக இருக்கக்கூடாது, முடிந்தால் பார்வைக் குறைவு உள்ளவராக இருப்பது நலம் என்று விதிமுறையில் இருந்தது. இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் தூணுக்குப் பின்னால் போயிற்று. பெயர் சொல்லாமல், ‘ஒரு மூதாட்டி’ என்று மட்டும் மைக்கில் சொல்லி ஜலஜாவை வரவழைத்தார். நடுநிலைக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார் என்று அமைச்சரின் காதில் சொன்னார். அமைச்சர் மைக்கை வாங்கி, இந்த அம்மா கையில் வருவதே இறுதி முடிவு, இதில் அரசே தலையிடாது என்று கேமராக்களைப் பார்த்து அறிவித்தார்.

ஹம்சா ஒரு குழந்தையின் பெயரைப் படித்தாள். ஜலஜா ஜாடிக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தாள். வலது கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். கொஞ்சம் தாமதித்தாள்.

“ஆம்,” என்றாள்.

சீட்டை ஹம்சாவிடம் நீட்டினாள். ஹம்சா அதைப் பார்த்தாள். ஜலஜாவைப் பார்த்தாள். டேப்பில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். நாராயணசாமி மேடையில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஹம்சா அந்தச் சீட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் கீழே போட்டது அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது, ஆம். மூன்றாவது, ஆம். பத்தாவது ‘ஆம்’ வந்தபோது பின்வரிசையில் தாய்மார்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இருபதாவதுக்கு அமைச்சரும் எழுந்து தாளம் போடுவது போலக் கைதட்ட ஆரம்பித்தார். இயக்குநர் இருபத்தைந்துவரை புன்னகையோடுதான் இருந்தார். வரிசையாக இப்படி வருவது அபூர்வம், ஆனால் சாத்தியம்தான். முப்பதில் அவர் கைக்குட்டையை எடுத்தார். முப்பத்தொன்றாவது சீட்டுக்கும் ஜலஜா “ஆம்” என்றபோது அவர் எழுந்து மேஜையை நோக்கி வந்தார். அமைச்சர் அவர் தோளில் கை போட்டு இழுத்து நிறுத்தி, இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். படம் எடுத்து முடிப்பதற்குள் ஜலஜா நாற்பத்தைந்துக்குப் போயிருந்தாள். ஒரு பெரியம்மா ஓடிவந்து அமைச்சரின் காலில் விழுந்தாள். அதை அத்தனை சேனலும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன.

அறுபது சீட்டும் தீர்ந்தது. அறுபதும் ஆம்.

ஜாடியில் முப்பதுதான் ‘ஆம்’ இருந்தது என்று இயக்குநர் அமைச்சரின் காதில் சொல்லிப் பார்த்தார். இத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது கணக்குப் பார்ப்பது நன்றாக இருக்காது என்று அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே சொல்லிவிட்டார். மீதிப் பணத்துக்கு அரசு பொறுப்பு என்றும் மைக்கில் சொல்லிவிட்டார். இயக்குநர் ஹம்சாவிடம் சீட்டுகளைக் கேட்டார். ரகசியம் காக்கும் பொருட்டுச் சீட்டுகளை உடனுக்குடன் கிழித்து அழிக்க வேண்டும் என்று அவரே எழுதிய பன்னிரண்டாம் விதிப்படி அழித்துவிட்டதாக ஹம்சா சொன்னாள். அவள் காலடியில் காகிதத் துணுக்குகள் பூப்போலக் குவிந்திருந்தன.

“இப்போது யாரோடு யாரை ஒப்பிடுவது?” என்று டாக்டர் ராகவேந்திரா கேட்டார். அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்ததால் நாராயணசாமிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டுமானால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

மையம் மனம் தளரவில்லை. முப்பது ‘ஆம்’ உள்ள ஜாடியிலிருந்து அறுபது ‘ஆம்’ வருவதற்கான நிகழ்தகவு குறித்து இயக்குநர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதைப் படிக்க அவரை லிஸ்பனுக்கு அழைத்திருக்கிறார்கள். ஜலஜாவின் கோப்பில் ‘ஆய்வுக்கு உதவாதவர்’ என்று எழுதி முடித்துவைத்தார்கள். அந்தக் கடிதத்தின் நகலைத் தரும ஆஸ்பத்திரியில் காட்டியதும் நான்காம் நாளே அறுவைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் இடது கண். ஹம்சா லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருந்தாள்.

கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும் ஜலஜா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுவரில் பூசிய நிறத்தைப் பார்த்து, இதையா தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாள். கணவரின் முகத்தையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாராயணசாமிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னிக்கு உனக்கு நிஜமாவே சீட்டு தெரியலையா?”

“மொதல் சீட்டு நல்லாத் தெரிஞ்சுதுங்க. ‘இல்லை’ன்னு இருந்துச்சு.”

“அடுத்தது?”

“அதுக்கப்புறம் எதையும் படிக்கலை. பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான். பிள்ளைங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லாம் மசமசன்னு நெழல் மாதிரி தெரிஞ்சுதுங்க.”

அவள் எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினாள். இந்தத் தடவை தடவிப் பார்க்கவில்லை. ஹம்சாவிடம் அந்த அறுபது வீட்டு விலாசமும் இருக்கிறதாம், ஜீடிமெட்லாவுக்கு நேர் பஸ் உண்டாம், ஒரு நாளைக்கு நாலைந்து வீடு பார்த்தாலும் பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்றாள்.

நாராயணசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். போகிற வழியில் அறுபது பாக்கெட் பிஸ்கட் வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று அவருக்குத் தெரியும்.